தீக்காயத்துக்குப் பப்பாளி நொதிக் களிம்பு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மதிப்புரை

பழுப்பு கலந்த வெண்மை நிறத்தில், விரலில் எடுத்தால் சற்று மணல் தட்டுவது போன்ற பதத்தில், மெல்லிய புளிப்பு வாடையோடு இருக்கும் இந்தக் களிம்பைப் பாலக்காட்டு மருந்துக்கடைகளில் சிறிய அலுமினியக் குழாயில் விற்கிறார்கள். பப்பாளிக் காயின் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் என்ற நொதியும் யூரியாவும் சேர்ந்தது இது. தீக்காயத்திலும் ஆறாப் புண்ணிலும் படிந்திருக்கும் செத்த திசுவைக் கத்தியின்றிக் கரைத்து எடுப்பதுதான் இதன் வேலை. ஏறத்தாழ ஒரே சேர்மானத்தில் பல நிறுவனங்கள் தயாரிப்பதால் நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. நான் மதிப்பிடுவது அந்தச் சேர்மானத்தையும், அதைப் பயன்படுத்தும் முறையையும்தான். பதினாறு ஆண்டுகளாகக் காயங்களுக்குக் கட்டுப் போட்டுவரும் செவிலியர் நான். மருத்துவமனையில் பலருக்கு இதைப் பூசியிருந்தாலும், நாள்தோறும், கடைசி நாள் வரை ஒரே காயத்தை என் கண்ணெதிரில் பார்த்தது என் அத்தையின் காலில்தான்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் இரண்டாம் போக அறுவடை முடிந்து, வீட்டுச் செலவுக்கு நெல் அவிக்கும் நாள்கள் அவை. கொல்லையில் அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கும்போது ஒரு பக்கம் சரிந்து, கொதிநீர் அத்தையின் வலது காலில் முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை கொட்டிவிட்டது. சேலைக் கொசுவத்தில் தேங்கிய சூடு, தண்ணீர் வடிந்த பிறகும் தோலை வேகவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டார் சேலையை விலக்கி, ஆழ்துளைக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் காலில் ஊற்றினார்கள். அன்று சரியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அத்தையின் உள்ளங்கையால் அளந்தால் காயம் மூன்று உள்ளங்கை இருந்தது. ஒருவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அவருடைய உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம் என்பது தீக்காயப் பிரிவுகளில் எல்லாரும் பயன்படுத்தும் கணக்கு.

ஐந்தாம் நாள் கோயம்புத்தூரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்தபோது கொப்புளங்கள் போய், காயத்தின் மேல் மஞ்சளும் பழுப்புமாக, நனைந்து காய்ந்த தோல் செருப்பைப் போன்ற ஒரு படலம் இறுகியிருந்தது. அதைத்தான் மருத்துவர்கள் எஸ்கார் என்கிறார்கள். மென்மையாகக் குழைந்து கிடந்தால் கட்டுப் போடும் அறையில் நாங்கள் ஸ்லஃப் என்போம். அது உயிரில்லாத புரதம். கிருமிகளுக்கு நல்ல தீனி. அது இருக்கும் வரை அடியில் எவ்வளவு தோல் உயிரோடு தப்பியிருக்கிறது என்பதும் தெரியாது. ஓரத்திலிருந்து புதுத் தோல் ஏறவும் வழியில்லை.

இந்தப் படலத்தைக் காயம் பட்ட சில நாள்களுக்குள் கத்தியால் மெல்லிய அடுக்குகளாகச் சீவி, இரத்தம் கசியும் உயிருள்ள அடுக்கு வந்ததும் நிறுத்தி, உடனே தோல் ஒட்டு வைக்கும் முறையை ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் சோரா யான்செகோவிச் என்ற பெண் அறுவை மருத்துவர் வளர்த்தெடுத்து 1970-இல் விரிவாக வெளியிட்டார். உலகமெங்கும் தீக்காய சிகிச்சையின் போக்கையே மாற்றிய முறை அது. எனினும் கத்திக்கு ஒரு குறை உண்டு: எவ்வளவு கைதேர்ந்தவர் பிடித்தாலும் செத்ததோடு சேர்த்துக் கொஞ்சம் உயிருள்ளதையும் அது சீவிவிடும், இரத்தமும் நிறையப் போகும். நொதியின் மேல் மருத்துவர்களுக்கு இருக்கும் ஆசை இங்கேதான் தொடங்குகிறது. அத்தைக்கு இதயக் கோளாறு உண்டு. மயக்க மருந்து கொடுத்து அறுவைக்குக் கொண்டுபோகும் முன், காயத்தின் அளவு சிறிது என்பதால் பத்து நாள் நொதிக் களிம்பு பூசிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆட்டுக்கறி வேகாவிட்டால் இரண்டு துண்டு பப்பாளிக்காயை உள்ளே போடுவது எங்கள் ஊர் அடுப்படிகளில் எல்லாருக்கும் தெரிந்ததே. அதே பாலில் உள்ள பப்பைன் புரதச் சங்கிலிகளை ஆங்காங்கே வெட்டுகிறது. யூரியா சுருண்டு இறுகிக் கிடக்கும் செத்த புரதத்தைப் பிரித்துவிட்டு, வெட்டுவதற்கு இடம் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் களிம்பு உருப்படியாக வேலை செய்யும். ஈரம் இல்லாத இடத்தில் இது எதையும் கரைக்காது என்பதையும், உலர்ந்த எஸ்காரின் மேல் பூசிவிட்டுக் காத்திருப்பது வீண் என்பதையும் குழாயோடு வரும் தாளில் கண்ணில் படும்படி அச்சிட்டிருக்க வேண்டும். நான் வாங்கிய மூன்று குழாய்களில் எதிலும் அப்படி இல்லை.

இதே வழியில் இன்னும் வெகுதூரம் போன பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்தக் களிம்பை நேர்மையாக மதிப்பிட முடியாது. அன்னாசிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் புரோமெலைன் நொதிகளைக் கொண்ட நெக்சோபிரிட் என்ற மருந்து அது. பழத்தை அதிகம் தின்றால் நாக்கு அரிப்பது அதே வகை நொதிகளால்தான். 1891-இல் வெனிசுவேலாவின் வேதியியலாளர் விசென்தே மார்கானோ அன்னாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த புரோமெலைனை, இஸ்ரேலில் லியோர் ரோசன்பர்க் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் அவரோடு பணியாற்றியவர்களும் தீக்காய மருந்தாக உருவாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2012 டிசம்பரிலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரிலும் அதற்கு ஒப்புதல் அளித்தன. தூளையும் கூழையும் கலந்த 15 நிமிடத்துக்குள் காயத்தில் பூசி, காற்றுப் புகாத படலத்தால் மூடி, 4 மணி நேரம் வைத்து வழித்து எடுத்துவிடுகிறார்கள். ரோசன்பர்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காயம் பட்ட நாளிலிருந்து எஸ்கார் முழுதும் நீங்க இந்த மருந்து பூசியவர்களுக்குச் சராசரியாக 2.2 நாள்களும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 8.7 நாள்களும் ஆயின. இது மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் பூசும் பொருளன்று. குளிர்பெட்டியில் வைத்திருந்து, தீக்காயத்தில் பழகிய கைகள் மருத்துவமனையில் பூசுவது.

அந்த மருந்தைப் பயன்படுத்திய ஐரோப்பியத் தீக்காய மையங்களின் வல்லுநர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கண்ட அனுபவத்தை வைத்து, எதில் எல்லாரும் உடன்படுகிறோம் என்பதை வாக்கியம் வாக்கியமாகப் பேசி முடிவுசெய்து, 2017-இல் 'பர்ன்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 2020-இல் அதைப் புதுப்பிக்கவும் செய்தார்கள். அந்த ஒருமித்த கருத்தைப் படித்தபோது என்னைக் கவர்ந்தது நொதியின் புகழ் இல்லை. பூசுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், வழித்த பின் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் இடம்தான். வலியை முன்கூட்டியே அடக்குங்கள். கையிலும் காலிலும் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி நல்லது. காயத்தை முதலில் கழுவிக் கொப்புளத் தோலை நீக்குங்கள். உலர்ந்த எஸ்காரை நனைத்து ஊறவிடுங்கள். ஏற்கெனவே பூசிய, வெள்ளி உலோகம் கலந்த கிருமிக்கொல்லி மருந்து எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. நீக்கிய பிறகு காயத்தின் அடித்தளம் உலர்ந்துவிடாமல் பாருங்கள். அடித்தளத்தின் நிறத்தையும் இரத்தப் புள்ளிகளையும் பார்த்துத்தான் அடுத்த சிகிச்சையை முடிவுசெய்ய வேண்டும். நூறு ரூபாய்க் குழாயானாலும் விலை உயர்ந்த மருந்தானாலும் நொதி ஒரே வகை என்பதால், இவற்றில் பெரும்பாலானவை என் கையில் இருந்த களிம்புக்கும் அப்படியே பொருந்தின.

அதில் ஒன்றைத் தவறவிட்டதால் அத்தைக்கு நான்கு நாள் வீணாயிற்று. மருத்துவர் களிம்பை எழுதிக் கொடுத்தபோது நான் வெளியூரில் ஒரு பயிற்சியில் இருந்தேன். ஊரில் ஒரு கிளினிக்கில் தினமும் கட்டு மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் நான் வந்து கட்டைப் பிரித்தபோது காயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைப் படலம் இருந்தது. முதலில் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியால் துடைத்து, ஓரமெல்லாம் வெள்ளி சல்ஃபாடயசின் கிரீம் தடவி, அதற்கு மேல் நொதிக் களிம்பைப் பூசியிருக்கிறார்கள். நல்லதோடு நல்லது சேர்த்தால் இன்னும் நல்லது என்று நினைத்திருப்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் பப்பைனும் புரோமெலைனும் தம்முள் இருக்கும் கந்தக முனையால்தான் புரதத்தை வெட்டுகின்றன. வெள்ளி அந்த முனையைப் பிடித்து அடைத்துக்கொள்ளும். அயோடினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அதை எரித்துச் செயலிழக்கச் செய்யும். நான்கு நாளாக அத்தையின் காலில் பூசப்பட்டது செத்த நொதி. எஸ்கார் கிளினிக்குக்குப் போன நாளில் இருந்தபடியே இருந்தது.

அன்று சாதாரண உப்புநீரில் நனைத்த துணியை அரைமணி நேரம் காயத்தில் வைத்து, அந்த வெள்ளைப் பசையைப் பொறுமையாகக் கழுவி எடுத்தேன். ஓரத்து நல்ல தோலில் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குச் சுத்தமான வாசலின் பூசினேன். நொதி வழிந்து அங்கே பட்டால் எரிச்சலும் சிவப்பும் வரும். பிறகு களிம்பை எஸ்காரின் மேல் மட்டும் தோசைக் கனத்துக்குப் பரப்பி, ஈரத் துணியால் மூடி, அதன் மேல் பஞ்சுக் கட்டுப் போட்டேன். இப்படிப் பூசினால் மூன்று உள்ளங்கைக் காயத்துக்கு ஒரு குழாய் வெகு சீக்கிரம் காலியாகிவிடுகிறது. கொஞ்சமாகத் தேய்த்துச் சிக்கனம் பார்ப்பதில் பயனில்லை.

நான் இப்படிப் பூசத் தொடங்கிய முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது பழைய பழுப்பு நிறம் வெளுத்து, ஊறிய அப்பளத்தைப் போல் ஓரங்கள் தூக்கிக்கொண்டிருந்தன; துணியில் மஞ்சள் கலந்த கூழ் ஒட்டி வந்தது. வாடையும் கூடியிருந்தது. அந்தக் கூழைப் பார்த்துச் சீழ் என்று பயந்து, அத்தையின் தங்கை அன்றே கோயம்புத்தூருக்குப் போய்விடலாம் என்றார். கரைந்த புரதம் அப்படித்தான் வரும். சுற்றுத் தோல் சிவந்து சூடேறி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோதான் தொற்று என்று பயப்பட வேண்டும். ஐந்தாம் நாள் உப்புநீரை ஊற்றும்போதே கெண்டைக்கால் பக்கத்துப் படலம் ஒரு வெற்றிலை அளவுக்கு மொத்தமாக நழுவி வந்தது. அதன் அடியில் வெளிர் இளஞ்சிவப்பாக, ஊசியால் குத்தி வைத்ததுபோல் நெருக்கமாகச் சிறு சிறு இரத்தப் புள்ளிகளோடு ஈரமான தளம் ஒன்று இருந்தது. பத்து நாளுக்கு முன் யாராவது கத்தியை எடுத்திருந்தால் அந்தத் தளத்தில் ஒரு பகுதி கத்தியோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் களிம்பைப் பாராட்டுவது நியாயமாகாது. முதல் நாள் பூசிய கால்மணி நேரத்தில் அத்தை கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது, இத எடுத்துரு" என்றார்கள். அதற்கு முந்தைய நான்கு நாள் எரியாததால், நான்தான் ஏதோ தவறாகப் பூசிவிட்டேன் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். உயிருள்ள நொதி எரியும். எஸ்கார் கரைந்து நரம்பு முனைகள் வெளியே வர வர எரிச்சல் கூடும். மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசியோடு 4 மணி நேரத்தில் முடிகிற வேலையை நாங்கள் வீட்டில் ஒரு வாரம் இழுத்துச் செய்கிறோம் என்பதால், அந்த வேதனையும் ஒரு வாரம் நீடிக்கிறது. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, கட்டு மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அத்தை காலை நீட்டிக் காட்டினார்கள். வல்லுநர்கள் வலியடக்குவதை முதலில் வைத்திருப்பதன் காரணத்தை நான் அந்தக் கட்டிலருகில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். களிம்பை விற்கிறவர்களும் எழுதிக் கொடுக்கிறவர்களும் 'லேசான எரிச்சல் இருக்கலாம்' என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

குழாயிலும் அட்டையிலும் எனக்குப் பல குறைகள் உண்டு. வெள்ளி, அயோடின், பெராக்சைடு ஆகியவற்றோடு சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை உள்ளே மடித்து வைத்த தாளில், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசி வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டில் ஒரு மொழியிலாவது அது அட்டையின் வெளிப்பக்கம் இருந்திருந்தால் அந்த நான்கு நாள் போயிருக்காது. மூடியும் சரியில்லை. மார்ச் வெயிலில் எங்கள் ஓட்டு வீட்டுக்குள் களிம்பு இளகி, மூடியின் புரியைத் தாண்டி வழிந்தது. பிறகு குழாயைக் குளிர்பெட்டியில் வைத்தேன். ஒரே காயத்துக்குப் பலமுறை திறந்து மூடும் பொருளுக்கு வாய் இவ்வளவு அகலமாக இருக்க வேண்டியதில்லை.

ஒவ்வாமை பற்றியும் சொல்ல வேண்டும். பப்பாளியோ அன்னாசியோ சாப்பிட்டு உதடு வீங்கியவர்களும், ரப்பர்ப் பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் இந்த வகை நொதிகளைத் தொடக் கூடாது. எங்கள் பாலக்காட்டு மலையோர ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் வேலைக்குப் போகிறவர்களிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று நான் எப்போதும் எங்கள் இளம் செவிலியர்களுக்குச் சொல்வதுண்டு. மேலே பூசும் பப்பைன் மருந்துகளால் கடுமையான ஒவ்வாமைகள் நேர்ந்ததாகத் தகவல்கள் வந்ததையும், அவை முறையாக ஒப்புதல் பெறாமல் விற்பனையில் இருந்ததையும் காட்டி, அமெரிக்கா 2008-இல் அவற்றின் தயாரிப்பை நிறுத்தச் சொன்னது. நம் நாட்டில் விற்பனை தொடர்கிறது. அதற்காக நான் இதை ஒதுக்கவில்லை. ஆனால் முதல் முறை பூசும்போது அரைமணி நேரம் நோயாளியின் அருகிலேயே இருந்து, மூச்சுத் திணறலோ தடிப்போ வருகிறதா என்று பார்க்காமல் நான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்புவதில்லை.

காயம் பட்ட பதினாறாம் நாள் சர்ஜன் பார்த்துக் களிம்பை நிறுத்தச் சொன்னார். எஸ்கார் போன பிறகும் 'இன்னும் சுத்தமாகட்டும்' என்று பூசிக்கொண்டே இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் புதிதாக ஏறும் மெல்லிய தோலுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பிறகு பாரஃபின் தடவிய வலைத்துணி வைத்து, ஈரம் காக்கும் கட்டு மட்டும் போட்டோம். இரத்தப் புள்ளிகள் நெருக்கமாக இருந்த கெண்டைக்கால் பகுதி இருபத்தாறாம் நாளுக்குள் தானாக மூடிவிட்டது. கணுக்காலுக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் புள்ளிகள் அரிதாகவும், நடுவில் மஞ்சள் கொழுப்பு தெரிந்தும் இருந்தது. அந்தத் தோற்றம் ஆழ்ந்த காயத்துக்கு உரியது என்பதும், அதற்குத் தோல் ஒட்டு வேண்டும் என்பதும் அந்த ஒருமித்த கருத்திலும் இருக்கிறது. எங்கள் சர்ஜனும் அதையே சொன்னார். முப்பதாம் நாள், முழு மயக்கம் கொடுக்காமல் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, தொடையிலிருந்து சிறு தோல் எடுத்து ஒட்டினார்கள். மூன்று உள்ளங்கைக்கு எடுக்க வேண்டியிருந்த தோல் மூன்று விரல் அகலத்தோடு முடிந்தது.

ஐந்துக்கு மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் களிம்புக்கு மூன்றரை கொடுப்பேன். அதன் அட்டைக்கும் தாளுக்கும் ஒன்று. இரண்டு மூன்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஆழமான காயம், மருத்துவர் கண்காணிப்பு, தினமும் கட்டு மாற்றத் தெரிந்த ஒரு கை ஆகிய மூன்றும் இருந்தால் வாங்கலாம். முகம், கை விரல், பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலோ, கையையோ காலையோ சுற்றி வளைத்தோ பட்ட காயமென்றால், மின்சாரத்தால் பட்டதென்றால், குழாயைத் தேடாமல் தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடையில் வாங்கும்போது வெள்ளி கிரீமும் சேர்த்து ஒரே சீட்டில் எழுதியிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.